பெர்கன் முதல் கிர்கெனெஸ் வரை: நார்வே கரையோரக் கப்பலில் பன்னிரண்டு நாள் இருப்பது எப்படி

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்கெனெஸ் வரை போய், அதே வழியில் திரும்பி வரும் கப்பல் இது. மிதக்கும் நட்சத்திர ஓட்டல் என்று நினைத்து ஏறுகிறவர்கள் முதல் இரண்டு நாள் திண்டாடுவார்கள். சூதாட்ட அரங்கு கிடையாது, மேடைக் கச்சேரி கிடையாது, சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு போடத் தேவையில்லை. உண்மையில் இது தண்ணீரில் ஓடும் ரூட் பஸ். 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் ‘வெஸ்டராலன்’ என்ற நீராவிக் கப்பலை ட்ரோண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் செலுத்தித் தொடங்கிய தடம். இப்போது ஹுர்டிக்ரூட்டன் நிறுவனத்தின் ஏழு கப்பல்களும், 2021 டிசம்பரில் சேர்ந்துகொண்ட ஹவிலா நிறுவனத்தின் நான்கு கப்பல்களும் முறை வைத்து ஓடுகின்றன. பெர்கனிலிருந்து தினமும் இரவு ஒரு கப்பல் கிளம்பும்.

வடக்கே போகும்போது 34 துறைமுகம். அதில் பாதிக்கு மேல் கால் மணி, அரை மணி நிற்கிற ஊர்கள். பல ஊர்களை நள்ளிரவில் தொட்டுவிட்டுப் போகும். ஃபோர்க்லிஃப்ட் சரக்கை இறக்கும், பக்கத்து ஊருக்குப் போகிற பாட்டி ஒருத்தி ஏறுவார், கப்பல் கிளம்பிவிடும். உங்கள் தூக்கம், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாமே இந்த அட்டவணையை ஒட்டித்தான் நடக்க வேண்டும்.

அட்டவணையை இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்

ஏறுவதற்கு முன்பே ஒரு தாளில் இடப்பக்கம் வடக்குப் பயண நேரங்களையும், வலப்பக்கம் தெற்குப் பயண நேரங்களையும் எழுதுங்கள். போகும்போது இருட்டில் கடக்கும் இடங்களைப் பெரும்பாலும் திரும்பும்போது பகலில் கடக்கும்படிதான் இந்தத் தடத்தை அமைத்திருக்கிறார்கள். வெஸ்டராலன் தீவுகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய நீர்வழிகளும், ஹெல்கெலாண்ட் கரையில் வரிசையாக நிற்கும் ‘ஏழு சகோதரிகள்’ மலைகளும், நடுவில் ஓட்டை விழுந்த டோர்ஹாட்டன் குன்றும் போகும்போது தூக்கத்தில் போய்விடும்; திரும்பும்போது ஒன்பதாம், பத்தாம் நாள் பகலில் வரும். இது தெரியாமல் முதல் நான்கு நாளும் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, நல்ல பகுதி வரும்போது அறையில் குறட்டை விடுகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று விழித்திருக்க வேண்டிய நேரங்கள் மூன்று. நான்காம் நாள் காலை ஏழு மணி அளவில் ஆர்க்டிக் வட்டக் கோடு. ‘வீக்கிங்கன்’ என்ற சின்னப் பாறைத்தீவின் மேல் உலோக உருண்டை ஒன்று தெரியும். அதைக் கண்டதும் கப்பல் ஹாரன் அடிக்கும். அன்றிரவு ஸ்வோல்வர் துறைமுகம் தாண்டிய பிறகு ட்ரோல் ஃபியோர்டு என்ற ஒடுங்கிய கடல் பள்ளத்தாக்கு, கோடையில் மட்டும். எட்டாம் நாள் நள்ளிரவில் ட்ரோம்சோ. பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் ஆர்க்டிக் தேவாலயத்தில் அந்நேரத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குக் கப்பலிலேயே சீட்டு விற்பார்கள்.

இருபுறத்து அறைகளில் எது நல்லது என்று எல்லோரும் கேட்பார்கள். போய்த் திரும்புகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருவழி மட்டும் வடக்கே போகிறீர்கள் என்றால் வலப்பக்கம் எடுங்கள், கரை அந்தப் பக்கம்.

எந்த மாதம் போவது

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்து விட்டுப்போன பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்பது. உள்ளே ஆழம் அதிகம், வாய்ப்பகுதியில் பனியாறு தள்ளி விட்டுப்போன மண்மேடு இருப்பதால் ஆழம் குறைவு. சோங்னெ ஃபியோர்டு 1,308 மீட்டர் ஆழம் போகிறது. வாசலில் இந்த மேடு, இரு பக்கமும் மலை. அதனால் உள்ளே அலை கிடையாது, டம்ளரில் ததும்பத் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் சிந்தாது.

ஆனால் இந்தக் கப்பல் எல்லா மாதமும் எல்லா ஃபியோர்டுக்குள்ளும் போவதில்லை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கெய்ராங்கர் ஃபியோர்டுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரண்டாம் நாளில் போகும். இலையுதிர் காலத்தில் அதற்குப் பதில் யோருண்ட் ஃபியோர்டு. குளிர்காலத்தில் இரண்டும் இல்லை, ஓலெசுன்ட் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு நேரே மேலே போய்விடும். கெய்ராங்கரில் கப்பல் கரையை ஒட்டாது. சிறு படகு வந்து சுற்றுலாச் சீட்டு வாங்கியவர்களை மட்டும் இறக்கிக்கொண்டு போகும். மற்றவர்கள் தளத்திலிருந்தே பார்க்கலாம், அதுவே போதும்.

ஃபியோர்டுக்காகவே வருகிறீர்கள் என்றால் ஜூன் மாதத்தைப் பிடியுங்கள். மலை மேல் பனி உருகும் காலம், கெய்ராங்கரின் ‘ஏழு சகோதரிகள்’ அருவி ஏழு இழையாகவே விழும். (மலைகளுக்கும் அருவிக்கும் ஒரே பெயர், குழம்ப வேண்டாம்.) ஆகஸ்டு கடைசியில் அதில் சில இழைகள் ஈரக்கோடாகிவிடும். வட துருவ ஒளி பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை. இரண்டையும் ஒரே பயணத்தில் கேட்காதீர்கள். கோடையில் இருட்டே கிடையாது. வடகோடியிலுள்ள நோர்த் கேப் பாறை முனையில் மே 14 முதல் ஜூலை 29 வரை சூரியன் மறைவதில்லை.

கேபின்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது

தள வரைபடத்தில் மூன்று விஷயம் பாருங்கள். கப்பலின் மூக்குப் பகுதியில் கீழ்த்தள அறை வேண்டாம்: ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் முன்பக்கச் சுழலி அங்கேதான் இருக்கிறது. வால் பகுதியில் கீழே என்றால் எஞ்சின் அதிர்வு. ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். மூன்றாவது, சில தளங்களில் சன்னலுக்கு வெளியே நடைபாதை ஓடும். நடந்து போகிறவர்கள் நேராக உங்கள் கட்டிலைப் பார்ப்பார்கள். சன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கும் அறைகளை விலை குறைத்து விற்பார்கள். பகலெல்லாம் மேலே இருக்கப்போகிறவருக்கு அது நஷ்டமில்லை.

நடுராத்திரி துறைமுகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் முதல் இரவு பயம் வராது. முதலில் எஞ்சின் சத்தம் இறங்கும். பிறகு படுக்கைக்கு அடியிலிருந்து கரகரவென்று ஓர் அதிர்வு, மேசை மேல் கண்ணாடி டம்ளர் இருந்தால் கிணுகிணுக்கும். அதுதான் பக்கச் சுழலி. கரையில் ரப்பர் தடுப்பில் கப்பல் உரசும்போது மெல்லிய ஓர் இடி. பக்கக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும், இரும்புத் தகட்டில் சக்கரம் ஏறி இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே கரகரப்பு, பிறகு எஞ்சின் ஒரே சுருதியில். மூன்றாம் இரவிலிருந்து காது இதைப் பொருட்படுத்தாது. அதுவரை பஞ்சு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரைக் குளியலறைக்குள் வைத்துவிடுங்கள்.

அறை சிறியது. கட்டிலில் ஒன்று பகலில் சோஃபாவாக மடங்கும். கெட்டி ஓடுள்ள பெரிய பெட்டி கட்டிலுக்கு அடியில் போகாது, துணிப் பெட்டியாக இருந்தால் அமுங்கிப் போகும். சுவர் இரும்புத் தகடு, ஆகவே நான்கு காந்தக் கொக்கி கொண்டு போனால் ஈரக் கோட்டு, தொப்பி, பை எல்லாம் தொங்கவிடலாம். சின்னப் பொருள்தான். பன்னிரண்டு நாளும் அதன் அருமை தெரியும்.

மின்சாரம் 230 வோல்ட்டு, நம்முடையது போலத்தான். சாக்கெட் ஐரோப்பிய இருதுளை வகை. கைப்பேசியின் மெல்லிய இருகம்பி சார்ஜர் பெரும்பாலும் அப்படியே நுழையும். நம்மூர் மூன்று கம்பி பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். வெந்நீர்க் கெட்டில், சோறு வடிக்கும் மின் குக்கர், இஸ்திரிப்பெட்டி மூன்றும் தீ ஆபத்தென்று தடை. பயணக் கெட்டிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் எடுத்துவைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் உணவகத்தின் காபி இயந்திரத்தில் பிடிக்கலாம், ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் இரவுக்கும் ஆகும்.

குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு வரம்பு இருக்கும், தண்ணீர் வெளியே வராமல் இருக்க. கால் கட்டை விரலில் அடிபடாமல் யாரும் முதல் நாளைக் கடப்பதில்லை. கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை. மூடியை மூடிவிட்டு பட்டனை அழுத்துங்கள். ஈரத் துடைப்புத் தாள், நாப்கின், பழத்தோல் எதையும் போடக்கூடாது: குழாய் மெல்லியது, ஓர் அறையில் அடைத்தால் அந்த வரிசை முழுவதும் நின்றுபோகும், சரிசெய்ய ஆள் வர நேரமாகும். கைக்குழாய் இருக்காது. அழுத்தினால் நீர் பீச்சும் பிளாஸ்டிக் புட்டி ஒன்று எடுத்துப் போங்கள், வேறு வழியில்லை.

நள்ளிரவுச் சூரியன் காலத்தில் திரைச்சீலை கனமாகத்தான் இருக்கும். ஆனாலும் நடு இணைப்பில் ஒரு கோடு வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும். துணி உலர்த்தும் கிளிப் இரண்டு போட்டு இறுக்குங்கள். கண் மறைப்பும் இருந்தால் நல்லது. மாலை ஆறுக்கு மேல் காபி வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு மூன்று மணிவரை புரள்வது வழக்கமான தவறு.

கடல் எங்கே ஆடும்

கப்பல் பெரும்பகுதி நேரம் தீவுகளுக்குள் மறைவாகவே போகும். ஆடுவது குறிப்பிட்ட சில இடங்களில்தான். அதைத் தெரிந்துகொண்டால் குமட்டல் மாத்திரையைப் பன்னிரண்டு நாளும் விழுங்க வேண்டாம். வடக்கே போகையில் வரிசை இது: இரண்டாம் நாள் விடிகாலை ஸ்டாட் முனை, அன்றிரவு மோல்டெ தாண்டி ஹுஸ்டாட்விகா, மூன்றாம் நாள் மாலை ட்ரோண்ட்ஹைம் விட்ட பிறகு ஃபோல்டா, நான்காம் நாள் பூடோவிலிருந்து லோஃபோட்டன் தீவுகள் வரை நான்கு மணி நேரம் வெஸ்ட் ஃபியோர்டு (பெயரில்தான் ஃபியோர்டு, உண்மையில் திறந்த கடல்), ஐந்தாம் நாள் நள்ளிரவு லோப்பா கடல், ஆறாம் நாள் மதியம் ஹோனிங்ஸ்வோக் தாண்டியதிலிருந்து மறுநாள் காலைவரை பேரண்ட்ஸ் கடல். கடைசியதுதான் நீளம். குளிர்காலத்தில் காற்று பலமாக இருந்தால் அந்தப் பக்கத்துச் சின்னத் துறைமுகங்களைக் கேப்டன் விட்டுவிட்டுப் போவதும் உண்டு.

அவோமின் போன்ற மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. மேலே சொன்ன இடங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், மதுவோடு சேரக்கூடாது. கண் அழுத்தம், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. உப்பு பிஸ்கட், இஞ்சி மொரப்பா உதவும். ஆடும்போது அறைக்குள் குனிந்து பெட்டி அடுக்காதீர்கள், கைப்பேசி பார்க்காதீர்கள். நடுத்தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள், இல்லையென்றால் கட்டிலில் மல்லாந்து கண்ணை மூடுங்கள். முகப்பு உயரத்திலுள்ள காட்சிக் கூடம் அந்நேரத்தில் போகத் தகுந்த இடம் இல்லை. கப்பலிலேயே அதிகம் ஏறி இறங்குவது அதுதான்.

கப்பலில் மருத்துவர் இல்லை. தேவைப்பட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எனவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பதினைந்து நாளுக்கு எண்ணி, ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டி விமானத்தில் பின்தங்கிவிட்டாலும் மருந்து கையில் இருக்கும்.

சாப்பாடு

மேசையில் மீன்தான் ராஜா. சால்மன் பல விதம், கோட், ஹெர்ரிங் ஊறுகாய், வடக்கே போகப் போக அரச நண்டு, கலைமான் இறைச்சி. மீன் சாப்பிடுகிறவருக்குக் குறையில்லை. சைவர்கள் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சமையலறைக்குச் சரக்கு துறைமுகவாரியாகக் கணக்குப் போட்டு வருகிறது. பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லி, ஏறியதும் உணவக மேலாளரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள்.

சொல்லும் விதத்தில்தான் தவறு நடக்கும். ‘வெஜிடேரியன்’ என்றால் அங்கே முட்டையும் சேர்த்தி. முட்டையைத் தவிர்க்க ‘வேகன்’ என்று சொன்னால் பால், தயிர், வெண்ணெய் எல்லாம் போய்விடும். பன்னிரண்டு நாள் கொண்டைக்கடலையும் வதக்கிய கிழங்கும்தான். “இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம், பால், தயிர், சீஸ் சரி” என்று பிரித்தே சொல்லுங்கள். சூப்பைத் தனியாகக் கேளுங்கள், காய் சூப்பிலும் மீன் வடிசாறு இருக்கலாம்.

காலைச் சாப்பாட்டில் ஓட்ஸ் கஞ்சி, தயிர், ரொட்டி வகைகள், பழம் உண்டு. சைவருக்கு அதுதான் நாளின் நல்ல வேளை, நன்றாகச் சாப்பிடுங்கள். பழுப்பு நிறத்தில் கட்டியாக ஒன்று இருக்கும், சீவித்தான் எடுக்க வேண்டும். ‘புரூனோஸ்ட்’ என்பார்கள். பாலில் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் நீரைப் பாலின் சர்க்கரை பழுப்பு நிறமாகும்வரை சுண்டக் காய்ச்சியது. அடிப்பிடித்த பால்கோவாவில் உப்பு விழுந்தாற்போல் இருக்கும். முதல் வாய் முகம் சுளித்தவர்களும் ஐந்தாம் நாள் தேடிப் போவார்கள்.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு போகலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சிப் பண்டமும் பால் பண்டமும் நார்வேக்குள் கொண்டுபோகத் தடை. மட்டன் ஊறுகாய் ஆசையையும் பால் இனிப்புகளையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். பொடியை எண்ணெயில் குழைத்துக்கொள்ளலாம், நெய் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். காபிக்கு ஒவ்வொரு கோப்பைக்கும் காசு கட்டினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். சில கப்பல்களில் ஒரு குவளையை வாங்கினால் பயணம் முடியும்வரை நிரப்பிக்கொள்ளலாம், கேட்டுப் பாருங்கள். பழம், பிஸ்கட் வாங்கக் கரையில் கிவி, ரெமா 1000, கூப் போன்ற கடைகள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவை பெரும்பாலும் மூடியிருக்கும். பன்னிரண்டு நாளில் ஒரு ஞாயிறாவது வந்தே தீரும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

உடை

கப்பல் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கரையில் இலை அசையாத நாளிலும் தளத்தில் அந்த வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கும். வெப்பமானி 5 டிகிரி காட்டினால் தோலுக்கு 0 டிகிரி. கோடை என்று நம்பி ஒற்றை ஸ்வெட்டரோடு வருகிறவர்கள் அருவியைச் சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உடம்போடு ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய மேல்சட்டை. ஒரே தடிமனான கோட்டை விட இது நல்லது. உள்ளே 22 டிகிரி, வெளியே 5, ஒரு நாளில் இருபது முறை உள்ளே வெளியே போவீர்கள். பருத்தி பனியன் வேர்வையை இழுத்து வைத்துக்கொண்டு குளிரை ஏற்றும். குடை வேண்டாம், முதல் காற்றிலேயே மடங்கிவிடும். பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆகவே மழைக் கால்சட்டை ஒன்று அவசியம். குளிர்காலத்தில் செருப்படியில் மாட்டும் ஆணிப் பட்டை வேண்டும். துறைமுகத்துச் சரிவுகளில் உறைபனி கண்ணாடி போல் இருக்கும். எலும்பு முறிவது பெரும்பாலும் கப்பலில் அல்ல, இறங்கிய முதல் ஐம்பது அடியில்தான்.

பல கப்பல்களில் துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் உண்டு, டோக்கன் வரவேற்பு மேசையில் கிடைக்கும். மாலையில் வரிசை நிற்கும். பெரிய துறைமுகத்தில் எல்லோரும் இறங்கிய நேரமே சரியான நேரம். ஐந்து செட் துணி போதும்.

இறங்குவதும் ஏறுவதும்

முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குட்டை ஒலி, ஒரு நெட்டை ஒலி கேட்டால் எந்தத் தளத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருப்பார்கள். படித்ததோடு விடாமல், மின்தூக்கி இல்லாமல் அங்கே ஒருமுறை நடந்து பாருங்கள்.

வெளியே போகும்போதும் வரும்போதும் அறைச் சாவி அட்டையை இயந்திரத்தில் காட்ட வேண்டும், ‘டிங்’ என்று சத்தம் வரும். யார் கரையில், யார் உள்ளே என்று கப்பலுக்குத் தெரிவது இதனால்தான். முன்னால் போகிறவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் நீங்கள் இன்னும் கரையில் இருப்பதாகவே கணக்கு. ஒலிபெருக்கியில் பெயர் முழங்கும். கடல் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து கேங்வே (கரைக்கு இறங்கும் பாலம்) போடும் தளம் மாறும். காலையில் இறங்கிய கதவிலேயே மாலையும் இறங்கலாம் என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள், அறிவிப்பைக் கேளுங்கள்.

கப்பல் யாருக்காகவும் நிற்காது. அதுவே ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்து தாமதித்தால் மட்டும் காத்திருக்கும். எனவே நோர்த் கேப் போல தூரமான இடங்களைக் கப்பல் மூலமே பதியுங்கள். அதற்குப் பக்கத்துத் துறைமுகமான ஹோனிங்ஸ்வோக்கில் மூன்றரை மணி நேரந்தான் நிற்கும், அந்தப் பாறை முனையோ சாலை வழியே அரை மணிக்கு மேல். அருகிலுள்ளவற்றை நீங்களே நடந்து பார்க்கலாம். ஓலெசுன்டில் அக்ஸ்லா குன்றுக்கு 418 படி. பழனி ஏறியவருக்கு அது படியே இல்லை. மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்க ஒரே பாணிக் கட்டடம்: 1904 ஜனவரித் தீயில் ஊரே எரிந்து, சில ஆண்டுகளில் ஒரே வீச்சில் திரும்பக் கட்டியது. ஸ்டோக்மார்க்னெஸில் பழைய கப்பல் ஒன்றையே கரையேற்றி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். போட்ஸ்ஃபியோர்டு போன்ற வடகோடி ஃபின்மார்க் மாவட்டத் துறைமுகங்களில் தமிழ் முகம் தெரிந்தால் வியக்க வேண்டாம். 1980களில் ஈழத்தமிழர் பலர் மீன் பதனிடும் ஆலை வேலைக்கு வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான்.

கிர்கெனெஸ், வார்டோ பக்கம் கைப்பேசி ஃபின்லாந்து அல்லது ரஷ்யக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு மணியைத் தானே மாற்றிவிடும். ஆறாம் நாள் இரவே ‘தானியங்கி நேரம்’ என்ற அமைப்பை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஏழு மணி அலாரம் ஆறுக்கே, குளிர்காலத்தில் ஐந்துக்கே அடிக்கும். அதோடு, நெட்வொர்க் பெயரில் ‘மாரிடைம்’ என்று வந்தால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு, கட்டணம் பயங்கரம். கரை சிக்னல் இல்லாத இடங்களில் விமான நிலையில் வைத்துவிடுவது நல்லது. கப்பல் வைஃபை உண்டு, ஒடுங்கிய ஃபியோர்டுக்குள் மலை மறைக்கும்போது நின்றுபோகும்.

ட்ரோல் ஃபியோர்டில் எங்கே நிற்பது

வாய் அகலம் சுமார் 100 மீட்டர், உள்ளே நீளம் 2 கிலோமீட்டர். நுழைவதற்கு அரை மணி முன்பே எல்லோரும் முகப்பில் குவிவார்கள். நீங்கள் பின்தளத்துக்கோ, நடுவில் பக்கவாட்டுத் தளத்துக்கோ போங்கள். முகப்பில் நிற்பவருக்கு எதிரே ஒரு சுவர் மட்டுமே தெரியும். பக்கத்தில் நின்றால் பாறையில் ஊறும் நீர், வெடிப்பில் முளைத்த சின்ன பிர்ச் மரம், பாசியின் நிறம்கூடத் தெரியும். கடைக்கோடியில் கப்பல் நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றும். அப்போது முகப்பு, பின்தளம் என்ற பேதமே இல்லை, மலைதான் உங்களைச் சுற்றி வரும். வடக்கே போகையில் நள்ளிரவை ஒட்டி நுழையும். அந்த நேரம் தவறினால் ஒன்பதாம் நாள் மாலை, ராஃப்ட் நீரிணையில் போகும்போது கேப்டன் மனது வைத்தால் இன்னொரு முறை. கல்லும் பனியும் சரியும் குளிர்காலத்தில் உள்ளே போவதில்லை.

உறைகுளிரில் கேமரா பேட்டரி சட்டென்று இறங்கும், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். தளத்திலிருந்து அறைக்குள் போகும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். திறந்தபடி கொண்டுபோனால் லென்ஸுக்குள் ஆவி படிந்து அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. துருவ ஒளிக்குக் கைப்பேசியின் இரவு நிலையில் மூன்று நொடி, கம்பியில் முழங்கையை ஊன்றி எடுத்தால் போதும். முக்காலி வேண்டாம், கப்பல் அதிர்வு அதில் ஏறும். ஒளி தெரிந்தால் நடுராத்திரியிலும் அறிவிப்பார்கள். அறைக்குள் அந்த அறிவிப்பு வர வேண்டுமா என்பதை வரவேற்பு மேசையில் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முகப்புக் காட்சிக் கூடத்தில் சூடான இடம், மெத்தை நாற்காலி. காலை ஆறுக்கே ஒரு புத்தகத்தை நாற்காலியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய் ஒன்பதுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். இருபது நிமிடம் ஆள் வரவில்லையென்றால் புத்தகத்தை மேசைக்கு மாற்றிவிட்டு உட்காருங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை.

ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்ததும் தளத்தில் கழுத்துக்குள் ஒரு கரண்டி பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றும் சடங்கு உண்டு. கட்டாயமில்லை. சேர்ந்துகொள்வதானால் உள்ளாடையை மாற்றக் கையில் ஒரு துண்டோடு போங்கள். திரும்பும் வழியில் ஒரு கரண்டி மீன் எண்ணெய். கரண்டியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

காகிதமும் காசும்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா என்ற ஏற்பாடு) இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசாவே போதும். கப்பல் கிர்கெனெஸில் எல்லையைத் தாண்டாமல் திரும்பிவிடுவதால் ஒற்றை நுழைவு போதுமானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். காசு குரோனாவில். எல்லா இடத்திலும் அட்டை செல்லும். அட்டை இயந்திரம் “ரூபாயில் கட்டவா, குரோனாவிலா” என்று கேட்டால் குரோனாவைத் தொடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

பெர்கனுக்கு ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள். பெட்டி பின்தங்கினால் அடுத்த விமானத்தில் வர நேரம் கிடைக்கும். கப்பல் கிளம்பிவிட்டால் பெட்டியை எந்தத் துறைமுகத்தில் பிடிப்பது என்ற தலைவலி உங்களுடையது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி அளவில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், கப்பல் பெர்கன் சேர்வதோ பிற்பகல் இரண்டே முக்கால் வாக்கில். நடுவில் உள்ள நேரத்துக்கு மருந்து, சார்ஜர், மேல்சட்டை மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அதற்கு முன்பே கீழே போய்விடும். அன்று மாலை விமானம் என்றால் ஏழு மணிக்குப் பிறகு புறப்படுவதாகப் பாருங்கள், குளிர்காலத்தில் மறுநாளே நல்லது. ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு டிராம் ரயில் போகிறது, முக்கால் மணி நேரம்.